யாருடைய இடப்பக்கம்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இதயத்தைப் பற்றி எழுதியபோது, 'வலது கீழறை என்று நாம் அழைக்கும் அறை உண்மையில் இதயத்தின் முன்பக்கத்தில், நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிறைத்துவிட்டன. முன், பின், மேல், கீழ், வலம், இடம் என்று குழந்தைக்கும் தெரிந்த சொற்கள் உடலுக்குள் நுழைந்ததும் ஏன் இப்படித் தடுமாற வைக்கின்றன என்பதுதான் ஏறக்குறைய எல்லோருடைய கேள்வியும். வேறு பொருள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு எடுத்த மார்பு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதயத்தின் நிழல் எனக்கு வலப்பக்கமாகத் தெரிகிறது. மருத்துவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கவலைப்பட வேண்டுமா? (ஒரு வாசகி, மதுரை)

கவலை வேண்டாம், படத்தை நீங்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். நோயாளி நமக்கு எதிரே முகம் காட்டி நிற்பதாக எண்ணிக்கொண்டு எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதே உலகெங்கும் உள்ள வழக்கம். எதிரே நிற்பவரின் இடக்கை நம் வலக்கைப் பக்கம் வருவதைப் போல, அவருடைய இதயமும் நமக்கு வலப்பக்கமாகத் தெரியும். படத்தின் ஓரத்தில் இடம் அல்லது வலம் என்பதைக் குறிக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து வெள்ளையாக விழுந்திருக்கும். அது குறிப்பது உங்கள் அப்பாவின் இடத்தையோ வலத்தையோதானே தவிர, படத்தைப் பார்ப்பவருடையதை அன்று. உடற்கூற்றியலில் திசைச் சொற்கள் அனைத்துக்கும் அடிப்படையான விதி இதுவே. பார்ப்பவர் எங்கே நின்றாலும், உடல் எப்படிக் கிடந்தாலும், திசை அந்த உடலுக்கே உரியது.

அதே படத்தின் மூலையில் 'பி.ஏ.' என்ற இரண்டு எழுத்துகளும் இருக்கலாம். கதிர் 'போஸ்டீரியர்' எனப்படும் பின்பக்கத்தில் நுழைந்து 'ஆன்டீரியர்' எனப்படும் முன்பக்கத்தில் வெளியேறியது என்பது அதன் பொருள். நோயாளி தம் மார்பைப் பதிவுத் தட்டின்மேல் பதித்து நிற்க, சுமார் 180 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து கதிர் அவர் முதுகை நோக்கி வரும். இதயம் மார்புக்கூட்டின் முன்பக்கத்தை ஒட்டி இருப்பதால், தட்டு மார்போடு ஒட்டியிருக்கும்போது நிழல் ஏறக்குறைய உண்மையான அளவிலேயே விழுகிறது. எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுக்கையிலேயே படம் எடுக்கும்போது தட்டு முதுகுக்குக் கீழே போகிறது. கதிர் முன்னிருந்து பின் செல்கிறது. அப்போது, விளக்கின் அருகே கையை நீட்டினால் சுவரில் நிழல் பெருத்துத் தெரிவதைப் போல, இதயமும் பெரிதாகத் தோன்றும். அந்த இரண்டு எழுத்துகளின் வரிசையைக் கவனிக்காமல், 'இதயம் வீங்கிவிட்டது' என்று இரவெல்லாம் தூங்காத குடும்பத்தினரை நான் அறிவேன்.

சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படங்களில், மல்லாந்து படுத்திருப்பவரைக் கால்மாட்டில் நின்று பார்ப்பதாகக் கொள்ள வேண்டும். அங்கேயும் அவருடைய வலம் நமக்கு இடப்பக்கம்தான். இந்த ஒழுங்கு குலைந்தால் விளைவு சிறியதாக இராது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே அறுவை செய்ய வேண்டிய இடம் உடலில் குறியிடப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லியிருப்பது இதனால்தான். முழங்கால் சிகிச்சைக்குச் செல்கிறவர் காலில் மையால் ஒரு குறி போட்டால், இது என்ன விளையாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கேள்வி: நான் செவிலியர் படிப்பில் முதலாண்டு மாணவி. 'ஆன்டீரியர்' என்றாலும் முன்பக்கம், 'வென்ட்ரல்' என்றாலும் முன்பக்கம் என்று எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு சொற்கள்? (தஞ்சாவூர்)

நாம் எழுந்து நின்றதால் வந்த வினை இது. உங்கள் தெருவில் நிற்கும் ஒரு பசுவை நினைத்துக்கொள்ளுங்கள். அது நடக்கும்போது முன்னால் செல்வது தலை; ஆகவே அதற்கு 'ஆன்டீரியர்' என்பது தலைப்பக்கம், 'போஸ்டீரியர்' என்பது வால்பக்கம். 'வென்ட்ரல்' என்பது வயிற்றுப்புறம், அதாவது தரையைப் பார்க்கும் பக்கம். 'டார்சல்' என்பது முதுகுப்புறம், வானத்தைப் பார்க்கும் பக்கம். பசுவுக்கு இந்த நான்கும் நான்கு வெவ்வேறு திசைகள். இப்போது அந்த உடலைப் பின்னங்கால்களில் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். தலை மேலே போய்விடுகிறது. வயிறு முன்னால் வந்துவிடுகிறது. மனிதனுக்கு முன்பக்கமும் வயிற்றுப்புறமும் ஒன்றாகிப் போனது இப்படித்தான். உங்கள் குறிப்பேடு மனித உடலைப் பொறுத்தவரை சரி. கால்நடை மருத்துவம் படிக்கும் உங்கள் தோழியிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதனால்தான் நமக்கு 'மேற்பெருஞ்சிரை' என்று பெயர் பெற்ற இரத்தக்குழாய் பசுவுக்குத் 'தலைப்பக்கப் பெருஞ்சிரை' ஆகிறது. பசுவின் உடலில் அது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இதயத்துக்கு முன்னால் கிடையாகக் கிடக்கிறது. கால்நடை மருத்துவர்கள் மேல், கீழ் என்ற சொற்களைக் கண்ணிமை, உதடு போன்ற சில உறுப்புகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களில் தலைப்பக்கம், வால்பக்கம் என்றே எழுதுகிறார்கள். இதில் ஒரு வசதி உண்டு. பழந்தின்னி வௌவால் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கினாலும் அதன் தலைப்பக்கம் தலைப்பக்கமாகவே இருக்கும்.

மனித உடற்கூற்றியலார் மேல், கீழ் என்பவற்றைக் கைவிடவில்லை. கைவிடாமல் இருக்க, உடல் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதாக ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். நிமிர்ந்து நின்று, முகமும் பாதங்களும் முன்னோக்கி இருக்க, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னால் காட்டும் நிலை அது. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், பிணம் மேசையில் மல்லாந்து கிடந்தாலும், அவர் அப்படி நிற்பதாகவே பாவித்துச் சொல்ல வேண்டும். உள்ளங்கையை முன்னால் திருப்பச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கை இயல்பாகத் தொங்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் சற்றே முறுக்கிக்கொண்டிருக்கும். உள்ளங்கை முன்னால் திரும்பினால்தான் அவை இணையாக நிற்கும். ரேடியஸ் கட்டைவிரல் பக்கம், அதாவது வெளிப்பக்கம். அல்னா சுண்டுவிரல் பக்கம், அதாவது உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடிவது அந்த நிலையில்தான்.

இந்தச் சொற்களை ஒழுங்குபடுத்தும் முயற்சி பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே உறுப்பு நாட்டுக்கு நாடு, ஆசிரியருக்கு ஆசிரியர் வேறு பெயர் பெற்றிருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1895இல் ஏற்கப்பட்ட பட்டியல், புழக்கத்திலிருந்த ஏறத்தாழ 50,000 பெயர்களை ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைத்தது. 1930களில் ஜெர்மனியின் யேனா நகரில் உருவான திருத்தம், மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வயிற்றுப்புறம், முதுகுப்புறம், தலைப்பக்கம், வால்பக்கம் என்ற சொற்களையே முதன்மையாக்கிப் பார்த்தது. மருத்துவர்களிடம் அது நிலைக்கவில்லை. 1955இல் பாரிசில் கூடியவர்கள் பழைய முன், பின், மேல், கீழ் என்பவற்றுக்கே திரும்பினார்கள். விலங்கியல் ஆசிரியனாகிய எனக்கு இதில் வருத்தம் உண்டு. யேனாவின் வழி நிலைத்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். மனிதனின் நரம்புத் தண்டு செங்குத்தாக ஏறி, மூளைக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய செங்கோணமாக முன்னோக்கி வளைகிறது. ஆகவே தண்டுவடத்தில் முதுகுப்புறம் என்றால் உடலின் பின்பக்கம். பெருமூளையில் முதுகுப்புறம் என்றால் உச்சந்தலைப் பக்கம். எலியின் மூளையும் தண்டுவடமும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் கிடப்பதால், எலியை அறுத்துப் படித்தவர்களுக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. சொல் மாறவில்லை, தண்டுதான் வளைந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பாதத்தின் மேற்பரப்பைக் காலின் 'டார்சம்', அதாவது முதுகு என்கிறார்கள். மேலே இருப்பது எப்படி முதுகாகும்? இதற்கெல்லாம் தமிழில் சொற்கள் உண்டா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி)

ஐயா, இரண்டாவது கேள்விக்கான விடையிலேயே முதல் கேள்விக்கான விடையும் இருக்கிறது. கைக்கு உள்ளங்கை, புறங்கை என்றும், காலுக்கு உள்ளங்கால், புறங்கால் என்றும் தமிழில் இணைச்சொற்கள் வழங்கி வந்திருக்கின்றன. புறங்கால் எது என்று கேட்டால் பாதத்தின் மேற்பரப்பைத் தொட்டுக் காட்டுவார்கள். கையையும் காலையும் ஒரே முறையில் உள், புறம் என்று பிரித்த இந்த வழக்கு, கருவியலோடு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு நான் வியந்ததுண்டு.

கரு உருவாகும் இரண்டாம் மாதத்தில் கைகளும் கால்களும் துடுப்புகளைப் போல இரு பக்கமும் நீண்டிருக்கும். அப்போது கட்டைவிரலும் காலின் பெருவிரலும் தலையை நோக்கியே இருக்கும். பிறகு கைகள் வெளிப்பக்கமாகவும் கால்கள் உட்பக்கமாகவும் ஏறத்தாழ 90 பாகை திரும்புகின்றன. அதனால்தான் மடிக்கும்போது முழங்கையின் முனை பின்னோக்கியும் முழங்காலின் முனை முன்னோக்கியும் நிற்கின்றன. உள்ளங்கையை முன்னால் காட்டி நிற்கும்போது கட்டைவிரல் வெளிப்பக்கமும் காலின் பெருவிரல் உட்பக்கமும் அமைகின்றன. புறங்கை, புறங்கால் இரண்டும் கருவில் முதுகுப்புறமாக இருந்த பரப்பே. புறங்கால் திரும்பி மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான். முழங்கால் சில்லும் அதே கணக்கில் முதுகுப்புறத்தைச் சேர்ந்தது என்றால் நம்பச் சற்றுக் கடினமாக இருக்கும்.

பாடநூல்களில் அண்மை, சேய்மை என்ற இணையும் நன்றாகவே நிலைபெற்றுவிட்டது. தோளுக்கு அருகில் இருப்பது அண்மை, விரல்நுனியை நோக்கிப் போவது சேய்மை. சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழல், சேய்மைச் சுருள் நுண்குழல் என்பவற்றில் தோள் ஏது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அங்கே தொடக்கப்புள்ளி இரத்தம் வடிகட்டப்படும் இடம். அதிலிருந்து அருகிலும் தொலைவிலும் இருப்பதைக் கொண்டு பெயர் அமைந்தது. எங்கிருந்து அளக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்வது எல்லாத் திசைச் சொல்லுக்கும் நல்லது. கீழ் என்பதிலிருந்து கிழக்கும், மேல் என்பதிலிருந்து மேற்கும் பிறந்ததாகச் சொல்வார்கள். மலை மேற்கே நிற்கும் நம் நிலத்துக்கு அது பொருந்தும். மலையைக் கிழக்கே வைத்துக்கொண்டு மலையாளத்தாரும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். சொல் தான் பிறந்த தரையை மறப்பதில்லை.

கேள்வி: இறாலைச் சுத்தம் செய்யும்போது முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுக்கிறோம். அது நரம்புதானா? எடுக்காமல் சமைத்தால் என்ன ஆகும்? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

சமையலறையில் எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது இறாலின் குடல். உள்ளே இருப்பது அது தின்ற இரையின் எச்சமும் சேறும். நன்றாக வெந்துவிட்டால் பெரிய கேடில்லை. பல்லில் மணல் நெறிபடும், சுவை சற்றுக் கசக்கும். பெரிய இறாலில் வயிற்றுப்பக்கமாகக் கீறிப் பார்த்தால் வெளுத்த மெல்லிய இழை ஒன்று நீளவாட்டில் ஓடுவது தெரியும். உண்மையான நரம்பு வடம் அதுதான். அதை யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டியதும் இல்லை.

முதுகில் குடல், வயிற்றில் நரம்பு என்ற இந்த அமைப்பு நம் உடலுக்கு நேர் எதிரானது. நமக்கு நரம்பு வடம் முதுகெலும்புக்குள்ளும், குடலும் இதயமும் அதற்கு முன்னாலும் இருக்கின்றன. இறாலின் இதயமும் முதுகுப்புறத்தில், தலையோட்டுக்கு அடியில்தான் துடிக்கிறது. பிரான்சு நாட்டு விலங்கியலாளர் எத்தியேன் ழொஃப்ருவா சேந்த் இலேர் 1822இல் சிங்கி இறாலை மல்லாக்கப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அப்படிப் போட்டால் நரம்பு மேலே, குடல் நடுவே, இதயம் கீழே என்று முதுகெலும்பிகளின் வரிசை அப்படியே வந்துவிடுகிறது. எல்லா விலங்குகளுக்கும் உடல் திட்டம் ஒன்றே என்றார். அவருடைய சக ஆய்வாளர் கூவியே இதை ஏற்கவில்லை. 1830இல் பாரிசின் அறிவியல் கழகத்தில் இருவரும் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். ழொஃப்ருவாவின் கருத்து பிறகு நூறாண்டுக்கு மேல் ஒரு வேடிக்கைக் கதையாகவே பேசப்பட்டது.

1990களில் நிலைமை மாறியது. தவளைக் கருவில் முதுகுப்புறத்தை உருவாக்கும் 'கார்டின்' என்ற புரதத்துக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம் பழ ஈயிலும் இருப்பது தெரியவந்தது. அது வேலை செய்யும் இடமோ ஈயின் வயிற்றுப்புறம். இரண்டு விலங்குகளிலும் அந்தப் புரதம் இருக்கும் பக்கத்தில்தான் நரம்பு வடம் உருவாகிறது. ஈயின் புரதத்தைத் தவளைக் கருவில் செலுத்தினால் அது தவளைக்கு முதுகுப்புறத்தை உருவாக்குகிறது. நம் மூதாதையர் வரிசையில் ஏதோ ஓர் உயிரினம் வெகு தொலைவில் எங்கோ குப்புறப் புரண்டிருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இனி இறாலின் முதுகைக் கீறும்போது, முதுகு என்று எதைச் சொல்கிறோம் என்று ஒரு நொடி யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பல் மருத்துவர் என் சீட்டில் '36 எடுக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறார். மனிதனுக்கு 32 பற்கள்தானே? (சேலம்)

அதை முப்பத்தாறு என்று வாசிக்காமல் மூன்று, ஆறு என்று வாசியுங்கள். வாயை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து, உங்கள் மேல்வலம் 1, மேல்இடம் 2, கீழ்இடம் 3, கீழ்வலம் 4 என்று எண்ணுகிறார்கள். பிறகு நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை. ஆகவே 36 என்பது கீழ்த்தாடையில் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதையொட்டி முளைப்பது. இங்கேயும் இடம் என்பது உங்கள் இடம்தான், எதிரே குனிந்து நிற்கும் மருத்துவருடையது அன்று.

கேள்வி: நம் ஊரில் வலம்புரிச் சங்கு என்று போற்றுவதை, 'அறிவியல்படி இது இடம்புரி' என்று என் மகன் சொல்கிறான். இரண்டில் எது சரி? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

இரண்டும் சரி. சங்கை எந்த முனை மேலே வரும்படி பிடிக்கிறீர்கள் என்பதில்தான் வேறுபாடு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் குளித்தெடுக்கும் சங்குக்கு உயிரியலார் வைத்த பெயர் டர்பினெல்லா பைரம். அவர்கள் எந்த நத்தைக் கூட்டையும் சுருளின் கூர்நுனி மேலே இருக்க, வாய் தம்மைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். அப்போது வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள், இடப்பக்கம் இருந்தால் இடச்சுருள். சாதாரணச் சங்குகள் அனைத்தும் இந்தக் கணக்கில் வலச்சுருள். மிக அரிதாகக் கிடைப்பதே இடச்சுருள். நாம் வலம்புரி என்று பூசையறையில் வைப்பது அதைத்தான்.

நம் மரபில் சங்கைப் பிடிக்கும் விதம் வேறு. நீண்டு குறுகிய வால்முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிப்பது நம் வழக்கம். அறிவியலார் பிடித்த அதே சங்கை அப்படியே தலைகீழாக்கினால், இடப்பக்கம் இருந்த வாய் வலப்பக்கம் வந்துவிடுகிறது. பெயரும் வலம்புரி ஆகிறது. இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். தலைகீழாக்குவதால் சுருளின் தன்மை மாறிவிடுவதில்லை. திருகாணியைக் கவிழ்த்தாலும் அதன் புரி மாறாதது போல, வலச்சுருள் எப்படிப் பிடித்தாலும் வலச்சுருளே. மாறுவது வாய் நமக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்பது மட்டுமே. சங்கைக் கேட்டால் அது வேறு விதமாகச் சொல்லும். வலச்சுருள் நத்தை ஊர்ந்து செல்லும்போது அதன் கூட்டின் கூர்நுனி அதனுடைய வலப்பக்கமாகவே சாய்ந்திருக்கும். இடச்சுருளில் கூடு மட்டுமல்லாமல் உள்ளுறுப்புகளின் அமைப்பும் கண்ணாடியில் பார்ப்பது போல மாறியிருக்கும்.

எந்தப் பக்கம் சுருள்வது என்பதைக் குளத்து நத்தைகளில் தீர்மானிப்பது அந்த நத்தையின் சொந்த மரபணு அன்று, அதன் தாயின் மரபணு. முட்டைக்குள் தாய் வைத்தனுப்பும் பொருள்களே முதல் செல்பிரிவுகளின் சாய்வை முடிவு செய்கின்றன. 1923லேயே இது விளக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 2016இல் ஜெரமி என்ற இடச்சுருள் தோட்டத்து நத்தைக்கு ஊரெல்லாம் இணை தேடினார்கள். சுருள் மாறிய நத்தைக்கு உறுப்புகளும் பக்கம் மாறியிருப்பதால், வலச்சுருள் நத்தையோடு சேர்வது கடினம். கடைசியில் அதற்குக் குஞ்சுகள் பிறந்தன, எல்லாமே வலச்சுருள்.

வலம்புரி வாங்க எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடற்கரையில் மின்னல் சங்கு என்ற ஓர் இனம் உண்டு. அதற்கு இடச்சுருளே இயல்பு; ஆகவே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அதை வலம்புரி என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையான சங்கின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் உள்தூணில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் தட்டுப்படும். மின்னல் சங்கில் அவை இரா. பணம் கொடுக்கும் முன் விரலை விட்டுப் பாருங்கள்.

கேள்வி: நட்சத்திர மீனுக்கு முன்பக்கம் எது? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், இராமநாதபுரம்)

நல்ல கேள்வி, தம்பி. முன்பக்கம் இல்லை என்பதே விடை. மண்புழுவுக்குக்கூட முன் முனை உண்டு. நம் ஊர் லாம்பிட்டோ மாரிட்டி புழுவில் 14 முதல் 17 வரையுள்ள கண்டங்களில் தடித்த பட்டை ஒன்று இருக்கும், அது எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அதுவே தலைப்பக்கம். நட்சத்திர மீன் எந்தக் கையை முன்னால் நீட்டியும் நகரும். ஆகவே அதற்கு முன், பின் என்பதை விட்டுவிட்டு, வாய் இருக்கும் பக்கம் வாய்ப்புறம், மறுபக்கம் எதிர்வாய்ப்புறம் என்று சொல்கிறார்கள். வியப்பு என்னவென்றால், முட்டையிலிருந்து வந்து நீரில் மிதக்கும் அதன் இளவுயிரிக்கு நம்மைப் போலவே இடமும் வலமும் உண்டு. அந்த இளவுயிரியின் இடப்பக்கம்தான் பிறகு வளர்ந்து நட்சத்திர மீனின் வாய்ப்புறமாகிறது.

மீன் சந்தையில் நாக்கு மீனைப் பார்த்திருப்பாய். தட்டையாகக் கிடக்கும் அதன் நிறமுள்ள மேற்பக்கத்தை முதுகு என்று நினைத்துவிடாதே. அது அதன் இடப்பக்கம். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கண்களில் வலது கண் மெல்ல நகர்ந்து இடப்பக்கம் வந்து சேர்ந்துவிடும். பிறகு அந்த மீன் வாழ்நாள் முழுவதும் வலப்பக்கமாகச் சாய்ந்தே படுத்திருக்கும். முதுகுத் துடுப்பு எங்கே என்று ஓரத்தில் தேடினால் உண்மையான முதுகு அகப்படும்.

கேள்வி: முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் வளரும் கருவுக்கு இடப்பக்கம் எது என்று எப்படித் தெரிகிறது? இதயம் தவறாமல் இடப்பக்கம் சாய்வது எப்படி? (கோயம்புத்தூர்)

உங்கள் கேள்வி ஆய்வாளர்களை நெடுங்காலம் திணறடித்தது. தலையும் வாலும் ஒன்று போல இல்லை; முதுகும் வயிறும் ஒன்று போல இல்லை. இடமும் வலமும் மட்டும் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பங்களாகவே தொடங்குகின்றன. விடையின் முக்கியப் பகுதி 1998இல் ஜப்பானில் சுண்டெலிக் கருவை ஆராய்ந்தபோது கிடைத்தது. கருவின் வயிற்றுப்புறத்தில் ஒரு சிறு குழி தோன்றுகிறது. அதன் செல்கள் ஒவ்வொன்றிலும் மயிர் போன்ற நுண்ணிய ஒரு குறுயிழை இருக்கிறது. அவை எல்லாம் ஒரே திசையில், கடிகார முள் சுற்றும் விதமாகச் சுழல்கின்றன. குறுயிழை செங்குத்தாக நின்றால் நீர் வட்டமாகச் சுற்றுமே தவிர எந்தப் பக்கமும் ஓடாது. ஆனால் அவை வாலை நோக்கிச் சற்றுச் சாய்ந்து நிற்கின்றன. சாய்ந்து சுழலும்போது ஒரு பாதிச் சுற்று செல்பரப்பை உரசிக்கொண்டு வலுவிழக்கிறது. மறுபாதி தடையின்றி நீரைத் தள்ளுகிறது. அதனால் குழியில் உள்ள நீர் இடப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டம் எட்டும் பக்கத்தில் சில மரபணுக்கள் விழிக்கின்றன. அந்தப் பக்கமே இடம் ஆகிறது. 2002இல் அதே நீரோட்டத்தைச் செயற்கையாக எதிர்ப்புறம் திருப்பியபோது கருவின் இடவலமும் திரும்பிவிட்டது.

தலையும் வாலும், முதுகும் வயிறும் முதலில் நிலைத்த பிறகே இடம் எது என்று கணக்கிட முடிகிறது என்பதைக் கவனியுங்கள். நாம் இடப்பக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்வதும் அப்படித்தான்: முகம் எங்கே, தலை எங்கே என்று தெரியாமல் ஒருவருடைய இடக்கை எது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா விலங்கும் இதே வழியைப் பின்பற்றுவதில்லை. கோழிக் கருவில் அந்த இடத்தில் சுழலும் குறுயிழைகள் இல்லை, அது வேறு வழியில் இடத்தைக் கண்டுகொள்கிறது.

குறுயிழைகள் பிறவியிலேயே அசையாதவர்களுக்கு நீரோட்டம் இல்லை. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புகள் வழக்கம் போலவும், மறுபாதிப் பேருக்கு முழுவதும் இடவலம் மாறியும் அமைகின்றன. காசைச் சுண்டிப் போட்டது போல. மூச்சுக்குழாயின் சளியை மேலே தள்ளுவதும் அதே வகைக் குறுயிழைகளே என்பதால், அவர்களுக்கு ஓயாத சளியும் சைனஸ் தொல்லையும் இருக்கும். வேறு காரணங்களால் உறுப்புகள் பக்கம் மாறியவர்களும் உண்டு. மொத்தத்தில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். எல்லா உறுப்பும் சேர்ந்தே மாறியிருந்தால் பலர் அதை அறியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

மதுரை வாசகிக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. இதயம் பக்கம் மாறித் தெரியும் படத்தைப் பார்த்ததும், படத்தில் உள்ள இடவலக் குறி சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று மருத்துவர் முதலில் பார்ப்பார். உடல் மாறியிருப்பதைவிடக் குறி மாறியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். உண்மையாகவே பக்கம் மாறியிருப்பது உறுதியானால், அதை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தால் வலி அடிவயிற்றின் இடப்பக்கத்தில் வரும். அவசரப் பிரிவில் வயிற்றை அழுத்திப் பார்ப்பவர் குடல்வாலை நினைக்கவே மாட்டார்.